கடுகு வெடிக்காத அடுப்பு

அத்தியாயம் 6

"கட்டணமா ஆடு தாரவரை இன்னைக்குத்தான் பாக்குதேன், அண்ணாச்சி" என்றான் உதவியாள் ஹுமாயூன். "வாங்கிக்கிடுங்க. ஜெயிச்சா பிரியாணி. தோத்தாலும் பிரியாணிதான், கண்ணீர் விழுந்து கொஞ்சம் உப்புக் கூட இருக்கும்."

துப்பறியும் செண்பகராஜ் சிரிக்கவில்லை. கோவில்பட்டி கோபாலசாமி ஆஸ்பத்திரியின் இரும்புக் கேட்டுக்கு வெளியே, ஒரு கிடாக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பெயர் வெயிலுமுத்து. பசுவந்தனையில் ஆடு மேய்ப்பவன். அவன் மனைவி வெயிலுகந்தம்மாள் இதே ஆஸ்பத்திரியில் ஆயா. இப்போது பெரியம்மை கண்டு, ஆஸ்பத்திரிக் கொல்லையில் உள்ள கொட்டகையில் கிடக்கிறாள்.

"ஐயா, உங்களைக் கூட்டியாந்தது டாக்டருதான், அது எனக்குத் தெரியும்" என்றான் வெயிலுமுத்து. "எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். இந்த அம்மைய எம் பொண்டாட்டி கொண்டு வரலன்னு சொல்லணும்."

"கொண்டு வந்திருந்தா?"

"எங்கயிருந்துய்யா கொண்டு வருவா? எங்க ஊருல ஒருத்தருக்கும் இது இல்ல. சிவராத்திரிக்கு முன்ன இங்கன வந்தவ, பொறவு ஊருப் பக்கமே வரல. லீவு தரமாட்டேன்னுட்டாவளாம். நாந்தான் வாராவாரம் வந்து இந்தக் கேட்டுல நின்னு பாத்துட்டுப் போவேன்." குரலைத் தாழ்த்தினான். "எம் புள்ள எந் தங்கச்சி சீனித்தாய்கிட்ட இருக்கு. இப்பத்தான் நடை பழகுது. வெயிலுகந்தம்மாதான் அம்மைய ஊட்டி விட்டான்னு டாக்டரு தண்டோரா போடச் சொன்னாவன்னா, எங்க சனங்க முள்ளை வெட்டி ஊர் வாசலை அடைச்சிருவாவ. புள்ளையத் தூக்கி வெளிய விட்டுருவாவ. கிணத்துல ஒரு வாளித் தண்ணி எடுக்க முடியாது. இந்தப் பங்குனி வெயில்ல..."

அதற்கு மேல் சொல்லாமல் ஆட்டின் காதைத் தடவினான்.

"ஆடு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் செண்பகராஜ். "இங்கேயே நில்லுங்க."

டாக்டர் கோபாலசாமி தம் அறையில் பல் குத்திக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு அசைவ ஓட்டலிலிருந்து வந்திருந்தது என்பதை மேஜை மேலிருந்த எலும்புகள் சொல்லின.

"விஷயம் சிம்பிள், மிஸ்டர் செண்பகராஜ். பெண்கள் வார்டில் ரெண்டு பேர் செத்தாச்சு. இன்னும் சிலர் அந்த வழியில் இருக்காங்க. முனிசிபல் ஹெல்த் ஆபீசர் நாளைக்கு வர்றார். நோய் வெளியேயிருந்து வந்ததுன்னு காட்டினா, வார்டைக் கழுவிவிட்டுத் திறந்துக்கலாம். இல்லைன்னா சீல். ஆயா மாசியில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனா, கொண்டு வந்தா. பங்குனி பிறந்ததும் அவளுக்கும், ஜன்னலோரக் கட்டில்காரிக்கும் ஒரே சமயத்தில் கொப்புளம் போட்டுது. இதுக்கு மேலே என்ன துப்பு வேணும்?"

"எல்லாம் முடிவாகியிருக்கே. நான் எதுக்கு?"

"நான் சொன்னா, சொந்த ஆஸ்பத்திரியைக் காப்பாத்தச் சொல்றேன்னு பேச்சு வரும். நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா விசாரணை."

"சோறு ஆக்கி வச்சாச்சு அண்ணாச்சி. இலை போடத்தான் ஆள் தேடுதாவ" என்று செண்பகராஜின் காதில் முணுமுணுத்தான் ஹுமாயூன்.

"அவள் ஊருக்கே வரவில்லை என்கிறான் புருஷன்" என்றார் செண்பகராஜ்.

"பெண்டாட்டிக்காகப் பொய் சொல்லாத புருஷன் உண்டா?"

"ஆயாக்களுக்கெல்லாம் அம்மை குத்தியிருந்ததா, டாக்டர்?"

பல் குத்தும் குச்சி நின்றது. "குத்திக்கொள்ளச் சொல்லியிருந்தேன்" என்றார்.

"உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?"

"மரகதமும் மகளும் மதுரையில். ராதாமணிக்கு வைகாசியில் கல்யாணம், புடவை எடுக்கப் போயிருக்காங்க. எங்க மாடி வீடு பூட்டிக் கிடக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு வாழ்த்துக்கள்" என்று எழுந்தார் செண்பகராஜ்.

கொல்லையில் முன்பு பசு கட்டிய கொட்டகை அது. இப்போது வேப்பிலை செருகியிருந்தார்கள். வாசலுக்கு வெளியே ஹுமாயூன் தன் சட்டைக் கையை மேலே சுருட்டினான். "நம்ம ரெண்டு பேருக்கும் குத்தின வடு இருக்குல்லா? என்னோடது புது நயா பைசாக் கணக்கா பளிச்சுனு இருக்கு. இருந்தாலும் நீங்க முன்னால போங்க. வயசுல பெரியவங்களுக்கு மரியாதை."

வெயிலுகந்தம்மாளின் முகத்தில் விரல் வைக்க இடமில்லை. கண் இமைகள் ஒட்டிப் போயிருந்தன. தொண்டைக்குள்ளும் கொப்புளம். வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை.

"நீ ஊருக்குப் போனாயா, அம்மா?" என்று கேட்டார் செண்பகராஜ்.

அவள் வலது கை மெல்ல எழுந்தது. அந்தரத்தில் இப்படியும் அப்படியும் ஆடியது.

"இல்லைங்குதா" என்றான் ஹுமாயூன். கை நிற்கவில்லை. "வேர்க்குதோ?" என்று மூலையில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்து வீசினான். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். கை மட்டும் மறுபடி ஆடியது, இப்படியும் அப்படியும், கீழே படுத்திருக்கும் யாருக்கோ எதையோ செய்வதுபோல. இருவருக்கும் விளங்கவில்லை.

"எம் புள்ள" என்று உதடு மட்டும் அசைந்தது. அது விளங்கியது.

வெளியே வந்ததும் ஹுமாயூன் சுருட்டிய சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான்.

ஆண்கள் வார்டில் ஒரே ஒரு நோயாளிதான் மிச்சம். மற்றவர்கள் அம்மை என்றதும் மாத்திரைக்குக்கூட நிற்காமல் ஓடிவிட்டார்கள். ஓட முடியாதவர் தோல் மண்டி சேக் முகம்மது. எட்டயபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, தை மாதத்திலிருந்து மாவுக்கட்டுக் காலோடு கட்டிலில் கிடக்கிறவர்.

"ஏலே ஹுமாயூனு!" என்று அவனைக் கண்டதும் கத்தினார். "ஒங்க வாப்பா மளிகைக் கடையில கடுகு விக்கிறத நிறுத்திட்டாராலே?"

"அம்பாரமாக் கிடக்கு மாமா. ஏன்?"

"இந்தா, இதைக் குடி."

ஹுமாயூன் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது. "இது ரசமில்ல மாமா. புளிக்குச் சளி பிடிச்சா அது குடிக்கிற வெந்நீரு. அம்மை இருக்கிற இடம்லா, அதான் தாளிக்கல."

இந்தப் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டில் தாளிப்பதில்லை. சட்டியில் கடுகு வெடித்தால் உடம்பில் கொப்புளம் வெடிக்கும், ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்பார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் அடுப்பில் எண்ணெய் காயாது.

"எனக்கே பாடம் சொல்லுதியா? நானும் இந்த ஊருலதான்லே பொறந்தேன்" என்று சீறினார் சேக் முகம்மது. "அம்மை வந்த பொறவு தாளிக்காம இருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்? எனக்குக் கடுகு நின்னது எப்ப தெரியுமா? சிவராத்திரிக்கு மறுநாள்! ராப்பூரா கோவில் மேளம். பொட்டுத் தூக்கம் இல்ல. விடிஞ்சா சட்னியாவது ருசியா வரும்னு பாத்தேன். மொட்டைச் சட்னி வந்துச்சு. அன்னையிலேருந்து எல்லாம் மொட்டைதான். அந்த ஆயா அப்ப நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்தா. ஜன்னலோரக்காரி இங்கன வந்து சேரவே இல்ல."

செண்பகராஜ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "யாரிடமும் கேட்கவில்லையா, பாய்?"

"கேக்காம? சமையக்காரி சங்கரம்மாகிட்ட கேட்டேன். எண்ணெய் ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாவன்னா. டாக்டர்கிட்ட கேட்டேன். நான் எங்க சொன்னேன், அது சமையக்காரி இஷ்டம்ங்காரு. ஒருத்தர ஒருத்தர் கைகாட்டுதாவ, நடுவுல என் நாக்கு செத்துப் போச்சு."

"உங்க நாக்குக்கு மாலை போடணும், பாய்" என்று எழுந்தார் செண்பகராஜ்.

தாழ்வாரத்தில் நின்று கேட்டார். "ஹுமாயூன், வார்டில் அம்மை தெரிந்தது எப்போது?"

"பங்குனி பொறந்து."

"கடுகு நின்றது?"

"மாசியில." ஹுமாயூன் நின்றுவிட்டான். "அப்ப ஆத்தா வார்டுக்கு வாரதுக்கு முன்னயே அடுப்படிக்குத் தபால் போட்டுட்டாளா?"

"தபால் போடவில்லை. நேரிலேயே வந்து தங்கியிருக்கிறாள். இந்தக் கட்டிடத்தில் முதல் நோயாளி ஜன்னலோரக் கட்டில்காரி இல்லை, ஆயாவும் இல்லை. அதற்கு முன்னால் ஒருவர். எல்லோருக்கும் மறைத்தார்கள், சமையல்காரிக்கு மறைக்க முடியவில்லை. பத்தியச் சாப்பாடு அவள்தானே ஆக்கியாக வேண்டும்."

அடுப்படி கட்டிடத்தின் பின்பக்கம். அதன் கதவை ஒட்டியே மாடிப்படி ஏறியது. சங்கரம்மாள் ஒரு தட்டில் மோர்ச்சோறும் இளநீரும் வைத்து வாழையிலையால் மூடிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் பழைய அம்மைத் தழும்பு.

"யாருக்கு இது?" என்றார் செண்பகராஜ்.

"டாக்டரய்யாவுக்கு."

"டாக்டரய்யா இப்பத்தான் ஒரு கோழியோட எலும்பெல்லாம் எண்ணி முடிச்சாரு" என்றான் ஹுமாயூன். "அதுக்கு மேல மோர்ச்சோறா? வயிறா, தானியக் குதிரா?"

சங்கரம்மாள் இலையை இன்னும் இறுக்கி மூடினாள்.

"தாளிப்பை எப்போது நிறுத்தினீர்கள்?"

"ஆத்தா வந்த பொறவுதான்."

"எந்த ஆத்தா? வார்டுக்கு வந்தவளா, அதற்கு முன்னால் வந்தவளா?"

இலையின் மேலிருந்த அவள் விரல்கள் அசையவில்லை.

"உங்களுக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. மறுபடி வராது. பயமில்லை" என்றார் செண்பகராஜ், வீட்டு விசேஷம் விசாரிப்பதுபோல. "வெயிலுகந்தம்மாளின் முகம் வழவழவென்று இருந்திருக்கும். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?"

"ஆத்தா பேரை அப்படி வெளிய சொல்லப்படாதுய்யா..." என்றவள், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாயை மூடிவிட்டீர்கள். கடுகு டப்பாவையும் மூடிவிட்டீர்கள். அதுதான் சத்தம் போட்டுவிட்டது. கடுகுக்கு ஆபத்து என்று யோசித்தவர், கூட வேலை பார்த்த மனுஷிக்கு யோசிக்கவில்லை."

சங்கரம்மாள் முந்தானையைக் கடித்தாள். "சொன்னா வேலை போயிரும்னாவ" என்பதைத் தவிர அவளிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை. யார் சொன்னது, யாருக்கு நோய் என்றால் சிலைதான்.

செண்பகராஜ் மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மேலே கதவு சாத்தியிருந்தது. வெளியே பூட்டுத் தொங்கவில்லை.

"ஏலே, உனக்குத் தாளிக்கத் தெரியுமா?"

"எங்கம்மா சைத்தூன் பீவிக்குப் பொறந்ததெல்லாம் ஆம்பள. வீட்டுல பொம்பளப் புள்ள வேலை பூரா எனக்குத்தான்" என்றான் ஹுமாயூன்.

"தாளி."

சங்கரம்மாளின் முகம் வெளுத்தது. "வேண்டாம்யா! வார்டுல நாலு உசுரு கிடக்கு!"

"நாலுதானா?" என்றார் செண்பகராஜ்.

ஹுமாயூன் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தான். நல்லெண்ணெய் ஊற்றினான். காயும்வரை நின்றான். பிறகு கை நிறையக் கடுகை அள்ளிப் போட்டு, மேலே நாலு வற்றலையும் கிள்ளிப் போட்டான்.

பட பட பட வென்று வெடித்தது. வற்றல் நெடி படிக்கட்டின் வழியே மேலே ஏறியது. பெண்கள் வார்டிலிருந்து யாரோ ஒருத்தி ஈனக்குரலில் அலறினாள். செண்பகராஜ் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மேலே தடாலென்று கதவு திறந்தது.

"யாரு ஏட்டி அது தாளிக்கிறது? சங்கரம்மா! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எம் புள்ளைக்கு ஒரு கண்ணை வாங்கிட்டா ஆத்தா, இன்னொரு கண்ணையும் வாங்கணுமா? அணைடி அடுப்பை!"

தலைவிரி கோலமாய், கையில் வேப்பங்கொத்தோடு ஓடி வந்த அம்மாள் கடைசிப் படியில் வந்துதான் அந்நியர்களைப் பார்த்தாள். நின்றாள்.

"வணக்கம், டாக்டரம்மா" என்றான் ஹுமாயூன். "மதுரையில புடவையெல்லாம் நல்லா வாய்ச்சுதா?"

மரகதம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

செண்பகராஜ் சட்டியை இறக்கி வைத்தார். "சிவராத்திரி அன்றைக்கா?"

"அன்னைக்குத்தான் முகத்துல முத்து தெரிஞ்சுது" என்றாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை என்பதால் வார்த்தைகள் தாமாகவே கொட்டின. "எட்டயபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா. வைகாசியில இவளுக்குக் கல்யாணம். தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்களே. தண்ணி ஊத்தி எந்திரிச்சதும் மஞ்சளைப் பூசி எப்படியாவது... ஊருக்கெல்லாம் அம்மை குத்துறாரே, இவளுக்கும் குத்துறேன்னு பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு. சின்னப் புள்ளையா இருக்கும்போது. காய்ச்சல் வரும், அழுவான்னு நாந்தான் விடல."

"விரிப்பு, துணியெல்லாம்?"

மரகதம் சங்கரம்மாளைப் பார்த்தாள். சங்கரம்மாள் சுவரைப் பார்த்தாள்.

"அம்மை வீட்டுத் துணியை வெளுக்கிறவர் தொடமாட்டார்" என்று தாமே எடுத்துக் கொடுத்தார் செண்பகராஜ். "தொடச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். எரித்திருக்கலாம்."

"நல்ல நல்ல விரிப்பு..." என்றாள் மரகதம். "சீர்வரிசைக்குன்னு எடுத்தது. எரிக்க மனசு வரல. வார்டு அழுக்கோட அழுக்காக் கலந்து போட்டா யாருக்குத் தெரியப் போகுது? வெயிலுகந்தாகிட்டதான் கொடுத்தனுப்புவேன்."

"வார்டு அழுக்குக் கூடை எங்கே இருக்கும்?"

"ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்துலய்யா" என்றாள் சங்கரம்மாள், முதல் தடவையாகத் தானாகவே. "வெளுக்கிறவரும் ஒரு வாரமா வரல. காய்ச்சலாம்."

ஹுமாயூன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"வெயிலுகந்தம்மாளிடம் என்னவென்று சொன்னீர்கள்?" என்றார் செண்பகராஜ்.

"வேனல் கொப்புளம்னு. நம்பிட்டா. அவதான் லீவுகூட இல்லாம ராப்பகலா பக்கத்துல உக்காந்து விசிறிட்டே இருந்தா. எரியுது எரியுதுன்னு ராதாமணி கத்தினா, கிட்ட முகத்தை வச்சு ஊதிவிடுவா. நல்ல மனசுக்காரி."

ஹுமாயூன் தன் வலது கையை எழுப்பி, அந்தரத்தில் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். கொட்டகையில் அவள் செய்தது அதுதான். ஊருக்குப் போனாயா என்ற கேள்விக்கு, எங்கே இருந்தாள் என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

"எவன் தாளிச்சது?" வாசலில் டாக்டர் நின்றார். படியில் மனைவியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முகத்தில் வெட்கத்தைத் தேடிய ஹுமாயூனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"கடுகு" என்றார் செண்பகராஜ். "உங்கள் மனைவிக்குத் தெய்வ பயம், டாக்டர். உங்களுக்கு அதுவும் இல்லை."

"எனக்குக் கணக்குத் தெரியும்" என்றார் கோபாலசாமி நிதானமாக. "இந்தச் சுத்துப்பட்டில் வயிறு கிழிச்சுப் பிள்ளை எடுக்க நான் ஒருத்தன்தான். என் பெயர் கெட்டா எத்தனை உயிர் போகும்? ஓர் ஆயாவின் பெயர் கெட்டா என்ன குடி முழுகிப் போகும்? அவ எப்படியும் பிழைக்கமாட்டா."

"பிழைக்கமாட்டாள் என்று தெரிந்துதான் பழியைத் தூக்கி அவள் மேல் வைத்தீர்களா?"

"பேசமாட்டாள்னு தெரிஞ்சு வச்சேன்."

"நாங்கள் பேசுவோம். தண்டோராவை நிறுத்துங்கள்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தண்டோராக்காரன் மத்தியான பஸ்ஸில் பசுவந்தனைக்குப் போயிட்டான். இந்நேரம் ஊர் முழுக்கத் தட்டி முடிச்சிருப்பான்."

"என் முடிவைத் தெரிந்துகொள்ளாமலா?"

"எனக்குத் தேவைப்பட்டது உங்க கையெழுத்து, மிஸ்டர் செண்பகராஜ். உங்க முடிவு இல்லை."



"உங்கள் காரை எடுங்கள்" என்றார் செண்பகராஜ். "அம்மை குத்துகிற பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பசுவந்தனையில் உங்கள் வாயால் நீங்களே சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால், நான் இப்போதே ராதாமணியின் மாப்பிள்ளை வீட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். அவளுக்கு எத்தனை கண் என்று அங்கே சொல்கிறேன்."

"அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொன்னான் ஹுமாயூன். படிக்கட்டின் உச்சியில் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கில் ஒரு பெண் நின்றாள். அவளுடைய மிச்சமிருந்த கண் செண்பகராஜைப் பார்த்தது. பிறகு கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

செண்பகராஜ் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கவில்லை. டாக்டர் பெட்டியை எடுக்கப் போனார்.

கார் கிளம்புமுன் செண்பகராஜ் கொட்டகைக்குப் போனார். வெயிலுகந்தம்மாளின் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. "அது வேனல் கொப்புளம் இல்லையம்மா. மாடியிலிருந்து உனக்கு வந்தது. நீ கொண்டு வரவில்லை. உன் ஊரில் போய் அதைச் சொல்லப் போகிறோம்" என்றார். அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. ஆடிய கை நின்றது. மெல்லத் தாழ்ந்து, பாயைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

டாக்டரின் பழைய கார் கரிசல் காட்டு மண் ரோட்டில் குதித்துக் குதித்துப் போயிற்று. பருத்தி எடுத்து முடிந்த நிலம் இரு பக்கமும் வாய் பிளந்து கிடந்தது. வெயிலுமுத்து பின்சீட்டில், ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழியில் எதிரே வந்த பஸ்ஸின் கூரையில் தண்டோராக்காரன் உட்கார்ந்திருந்தான். டாக்டரின் காரைக் கண்டு எழுந்து கும்பிட்டான்.

பசுவந்தனை வாசலில், பாதை முழுக்க உடைமுள் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. புதிதாக வெட்டியது. இலை இன்னும் வாடவில்லை.

முள்ளுக்கு இந்தப் பக்கம் ஓர் உடைமரத்தடியில் வெயிலுமுத்துவின் தங்கச்சி சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காலிப் பானை. மடியில் குழந்தை. அதன் உதடு வெடித்திருந்தது. அழுது முடித்து, அழுகைக்கும் ஈரம் இல்லாமல் வெறுமனே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"வாங்க டாக்டர்" என்றார் செண்பகராஜ்.

கோபாலசாமி முள்ளருகே போய் நின்றார். அந்தப் பக்கம் ஆட்கள் கூடினார்கள். "கேளுங்கள்" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வெயிலுகந்தம்மாள் அம்மையைக் கொண்டு வரவில்லை. என் வீட்டிலிருந்துதான் அவளுக்கு ஒட்டியது. தண்டோரா போட்டது தப்பு. அவள் சிவராத்திரிக்கு முன்பிருந்து ஊருக்கே வரவில்லை. இந்தக் குழந்தையிடம் நோய் இல்லை."

வெயிலுமுத்து நிமிர்ந்தான். அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தை, ஊர் கேட்கும்படியாக, டாக்டர் வாயிலிருந்தே வந்துவிட்டது. எட்டி முள்ளை இழுக்கக் கை நீட்டினான்.

"கையை எடுலே" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "யாரு வீட்டு ஆத்தாளா இருந்தா என்ன? நீ வாராவாரம் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டுத்தான வந்த? வந்து இந்தப் புள்ளையத்தான தூக்குன? வெளிய போனது போனதுதான்."

"டாக்டரே சொல்றார்வே!" என்று கத்தினான் ஹுமாயூன்.

"அவரு வீட்டுக்குள்ளயே அவரால தடுக்க முடியலங்காரே" என்றது இன்னொரு குரல். "பொறவு என்ன டாக்டரு? எங்களுக்கு முள்ளுதான் டாக்டரு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"பெட்டியைத் திறங்கள்" என்றார் செண்பகராஜ் டாக்டரிடம். "குழந்தைக்கு இப்போதே குத்துங்கள். வடுவைக் காட்டியாவது கேட்டுப் பார்ப்போம்."

டாக்டர் மரத்தடியில் மண்டியிட்டார். மருந்துச் சிமிழையும் ஊசியையும் எடுத்து வைத்தார். குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பினார். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கரிசல் மண் அப்பியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தார். மண் இன்னும் நன்றாகப் பரவியது.

"ஸ்பிரிட் போட்டால் மருந்து செத்துவிடும்" என்றார். "கையைக் கழுவித்தான் குத்தணும். கொஞ்சம் தண்ணி வேணும்."

சீனித்தாய் தலையைத் தூக்கி, அந்த வெள்ளைச் சட்டைக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். பானையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கிணறு அந்தாத் தெரியுது" என்றாள். "நீங்களே போயிக் கேளுங்க."

கோபாலசாமி காலிப் பானையை எடுத்துக்கொண்டு முள்ளருகே போனார். பானையை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். அந்தப் பக்கம் கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி ஏறி வந்தது. தண்ணீர் மாட்டுத் தொட்டியில் விழுந்த சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்டது. குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பி, வாயைத் திறந்தது.